இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை

டன்மியர் கல்லூரி அந்த ஆண்டு தொடர்ந்து பதினோரு ஆட்டங்களை வென்றது. பன்னிரண்டாவதில் தோற்க வேண்டும் என்று ஊரில் ஒரே ஒருவன் வேண்டிக்கொண்டிருந்தான். அவன் அந்த அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தான்.

பெயர் கோல்பி டிரெஸ்லர். இடது கார்டு. அதாவது, குனிந்து நின்று கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுக்கிற சென்டருக்கு இடது தோளாக நிற்பவன். எதிரே வருகிறவனை மோதித் தள்ளுவது வேலை. அமெரிக்கர்கள் இதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, அயோவாவில் ஒரு கார்டு நான்கு வருடம் ஆடி முடித்து, பந்தைக் காலாலும் தொடாமல் கையாலும் தொடாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். கோல்பி ஒருமுறை தொட்டிருக்கிறான். தடுக்கி அதன்மேல் விழுந்தபோது.

வேண்டுதலுக்குக் காரணம் அந்த சென்டர். ஆர்லோ பென்னிங். கோல்பியின் அறைத்தோழன், இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு, பன்றிப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை. செப்டம்பரிலிருந்து ஆர்லோவின் தலைக்குள் ஏதோ சரியில்லை. தோற்றால் சீசன் முடியும். முடிந்தால் அவன் ஓய்வெடுப்பான். வென்றால் இன்னும் ஒரு சனிக்கிழமை.

இதைக் கல்லூரியே கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு பரீட்சை உண்டு. ஆகஸ்டில், முதல் பயிற்சிக்கு முன், ஒவ்வொருவனையும் கணினி முன் உட்காரவைத்துச் சில சொற்களைக் காட்டுவார்கள். பிறகு எது இருந்தது, எது இல்லை என்று கேட்பார்கள். வடிவங்களை நினைவில் வைக்கச் சொல்வார்கள். நிறம் மாறியதும் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். மதிப்பெண் கோப்பில் ஏறிவிடும். பிற்பாடு யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடியும் அதே பரீட்சை. ஆகஸ்டில் வாங்கியதை வாங்கினால் ஆடலாம். குறைந்தால் உட்கார வேண்டியதுதான்.

நல்ல ஏற்பாடு. அதனால்தான் டன்மியரில் எல்லோரும் ஆகஸ்டிலேயே முட்டாளாகிவிடுவார்கள். இது ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்ததில்லை. மழைக்காலத்துக்கு முன் கூரை வேய்வது போல ஒரு முன்னேற்பாடு. ஆனால் அதிலும் ஒரு நேர்த்தி வேண்டும். அளவுக்கு மீறி முட்டாளானால் கணினியே சந்தேகப்படும். அந்த நேர்த்தியில் கோல்பி கைதேர்ந்தவன்.

"பத்துக்கு மூணு தப்பு," என்று அவன் வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். "நாலு போட்டா மெஷின் கத்தும். ரெண்டோட நிறுத்தினா அக்டோபர்ல நீ கத்துவ."

"மூணு தப்பு போட நான் எதுக்குடா மெனக்கெடணும்?" என்றான் ஆர்லோ. "சும்மா உக்காந்தாலே வருமே."

சொன்னானே தவிர, அன்று அவன் வியர்க்க வியர்க்க, சொற்களையெல்லாம் நன்றாக மனப்பாடம் செய்து, மூன்றை மிகக் கவனமாகத் தப்பாகச் சொன்னான். டன்மியர் கால்பந்து அணியின் சராசரி நினைவாற்றல் அந்த ஆண்டும் ஒரு நடுத்தரப் பூசணிக்காயின் அளவில் கோப்பில் ஏறியது. பேராசிரியர்கள் யாருக்கும் அது வியப்பாக இல்லை.

மூன்றாவது ஆட்டத்தில் ஆர்லோவுக்கு அடி விழுந்தது. இரண்டு ஹெல்மெட்டுகள் மோதின; கட்டை பிளந்தது போல ஒரு சத்தம். எழுந்தான். தூசி தட்டினான். நேராக நடந்துபோய், அடுத்த நகர்வைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த எதிரணியின் வட்டத்துக்குள் தலையை நுழைத்து, அவர்கள் தோளில் கைபோட்டு நின்றான். அவர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பயிற்சியாளர் மெல்வின் க்ராட் அந்தக் காட்சியைத் திரையில் நான்கு முறை ஓட்டினார். நான்கு முறையும் எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லோதான் அதிகம் சிரித்தான். அவனுக்கு அது புதிதாக இருந்தது.

திங்கட்கிழமை, அணியின் காயம் பார்க்கும் டெனிஸ் அவனுக்குப் பரீட்சை வைத்தாள். ஆகஸ்டைவிடப் பன்னிரண்டு மதிப்பெண் அதிகம்.

"பாத்தீங்களா?" என்றார் க்ராட். "நம்ம பயிற்சி பசங்க மூளையையும் வளக்குது."

முன்னாள் மாணவர் இதழில் இந்த வரி கட்டம் கட்டி அச்சானது.

அதன்பிறகு ஒவ்வொன்றாக. ஆர்லோ போன வருடம் தங்கியிருந்த அறைக்குப் போய் யாரோ ஒருவனின் கட்டிலில் படுத்தான். அங்கே இருந்தவர்கள் அவனை எழுப்பவில்லை. தோல்வியே காணாத அணியின் சென்டர் தங்கள் கட்டிலில் குறட்டை விடுவது பெருமை. வாரம் இரண்டு நாள் வந்தான். அவனுக்கென்று சிப்ஸ் பொட்டலம் வாங்கிவைத்தார்கள். மண்வளத் தேர்வில் பெயர் எழுதும் இடத்தில் ஊர்ப் பெயரை எழுதினான். பேராசிரியர் முழு மதிப்பெண் போட்டு, "சனிக்கிழமைக்கு வாழ்த்துகள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

ஆட்டத்தில்தான் சிக்கல். எதிரே யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்து, யாரை யார் தடுக்க வேண்டும் என்று உரக்கச் சொல்வது சென்டரின் வேலை. ஆறாவது ஆட்டத்தில் ஆர்லோ குனிந்து பந்தில் கை வைத்தான். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் திருப்பிக் கோல்பியைப் பார்த்தான். கடைத்தெருவில் கை நழுவிய பிள்ளை பார்ப்பது போல.

"இடது ரெண்டு," என்று கோல்பி முணுமுணுத்தான்.

"இடது ரெண்டு!" என்று ஆர்லோ கர்ஜித்தான்.

அன்றிலிருந்து அப்படித்தான். கோல்பி முணுமுணுப்பான், ஆர்லோ கர்ஜிப்பான். சென்டரின் குரலில் வந்திருக்கும் புதிய நம்பிக்கையை வானொலி வர்ணனையாளர் பாராட்டினார்.

பத்து ஆட்டம்தான் சீசன். பத்தாவது முடியட்டும், பையனை நானே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று கோல்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்தும் வென்றார்கள். பத்தும் வென்றதால், ஒருமுறை தோற்றாலே வெளியேற வேண்டிய, சிறு கல்லூரிகளுக்கான நாடளாவிய போட்டிக்கு டன்மியரை அழைத்துவிட்டார்கள். நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறை. தேவாலய மணி அடித்தது. தீயணைப்பு வண்டி சைரனைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியது. கோல்பி டெனிஸின் அறைக்குப் போனான்.

"ஆர்லோவுக்குத் தலை சரியில்ல."

"உங்கள்ல யாருக்குத்தான் சரியா இருக்கு?" அவள் திரையைப் பார்த்தாள். "எண்பத்தொண்ணு. ஆகஸ்ட்ல அறுபத்தொம்பது. அவன் தேறிக்கிட்டு வர்றான்டா."

"ஆகஸ்ட்ல வேணும்னே தப்பாப் போட்டான்."

டெனிஸ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதினாறு வருடமாக அந்த அறையில் இருக்கிறாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று கோல்பி எதிர்பார்த்தான். வரவில்லை.

"இதோ பாரு. நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் மேல அனுப்பியே ஆகணும். அனுப்பினா, வேற யாரெல்லாம் பண்ணாங்கன்னு கேப்பாங்க. எத்தன பேரு?"

"எல்லாரும்."

"நீயும்?"

"நான்தான் சொல்லிக்குடுத்ததே."

"அப்போ சனிக்கிழமை யாருடா ஆடறது? பேண்டுல ட்ரம் அடிக்கறவனுங்களா?"

இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேலே ஒரு பேனா. கோல்பி பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். மறுபடி மூடினான்.

"சீசன் முடிஞ்சதும் வரட்டுமா?"

"அதான் நல்லது," என்றாள் டெனிஸ், படிவத்தைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு. "முட்டிக்கு ஐஸ் வேணுமா?"

அவன் ஐஸ் வாங்கிக்கொண்டு போனான்.

அறையில் ஆர்லோ விளக்கை அணைத்துவிட்டு, போர்வையைச் சன்னலுக்குத் திரைபோலக் கட்டிவிட்டு, பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தான்.

"டெனிஸ்கிட்டப் போனியா?"

"யாரு சொன்னா?"

"நீதான். போகப்போறேன்னு காலைல சொன்ன. இல்ல... சொல்லலியா?" ஆர்லோ யோசித்தான். "சரி விடு. என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. தலை வலிக்குதாடா?"

"வலியெல்லாம் இல்ல. உள்ள ஃப்ரிட்ஜ் ஓடற மாதிரி ஒரு சத்தம். பழகிருச்சு."

"ஒரு தடவ டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்."

"பாத்தா நிறுத்திருவான்." ஆர்லோ அவன் பக்கம் திரும்பினான். இருட்டிலும் அந்த உருவம் பெரிதாக இருந்தது. "டேய், மே மாசத்துக்கப்புறம் நாப்பது வருஷம் நான் பன்னிக்குப் பின்னாடி நிக்கப் போறேன். பன்னி என்கிட்ட ஞாபக சக்தி கேக்காது. இந்த ஒரு சீசன எனக்குக் குடுத்துரு. கெஞ்சிக் கேக்கறேன், தடியா."

கோல்பி கொடுத்தான். தன்னுடையதல்லாததைக் கொடுப்பது சுலபம்.

பதினோராவதும் வெற்றி. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. உண்மையைச் சொல்வதற்கு ஒரு வாய் போதும். தோற்பதற்கு எவ்வளவோ பாடுபட வேண்டும். ஆனால் தோல்வியில் யாருடைய கையெழுத்தும் இருக்காது. அவன் பாடுபடத் தீர்மானித்தான்.

பன்னிரண்டாவது ஆட்டத்தில், பந்து கிளம்பும் முன்பே மூன்று முறை முன்னால் பாய்ந்தான். மூன்று முறையும் தவறு என்று நடுவரின் கொடி விழுந்தது. மூன்று முறையும் அணி ஐந்து கெஜம் பின்வாங்கியது. எதிராளியின் சட்டையை நடுவர் கண்ணெதிரே பிடித்து இழுத்தான். பத்து கெஜம். இடைவேளையில் க்ராட் அறைக்குள் வந்து கதவை உதைத்தார்.

"டிரெஸ்லரப் பாருங்கடா! கட்டுக்கடங்காம இருக்கான்! தப்புதான், ஆனா வெறி! எனக்கு இந்த வெறி எல்லாருகிட்டயும் வேணும்!"

இரண்டாம் பாதியில் எல்லோரிடமும் வெறி இருந்தது. கொடி மேல் கொடி விழுந்தது. கடைசியில் எதிரணியான விஸ்கான்சின்காரர்கள் ஒரு புள்ளி பின்தங்கி, கோல் கம்பங்களுக்கு மிக அருகே, கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் உள்ளே போகும் தூரத்தில் நின்றார்கள். மூன்று நொடி மிச்சம். கோல்பி ஓரத்தில் மண்டியிட்டான். பக்கத்திலிருந்தவர்களும் உருக்கமாக மண்டியிட்டார்கள். உதைத்த பந்து வலது கம்பத்தில் பட்டு, டொங்கென்று ஒலித்து, வெளியே விழுந்தது.

மறுநாள் தேவாலயத்தில் பாதிரியார் அந்தக் கம்பத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். தன் வேண்டுதல் எதில் பட்டுத் திரும்பியது என்று கோல்பிக்குத் தெரிந்துபோயிற்று.

பதின்மூன்றாவது ஆட்டம் டிசம்பர் முதல் வாரத்தில். காலையிலிருந்து பனி. மைதானத்துக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்தி, பன்றிக்கறி வறுவலும் பியருமாக ஊர் கூடிவிட்டது. ஆர்லோவின் அம்மா ஜோலீன் பென்னிங், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், வழக்கம்போல ஒரு தட்டு நிறைய வேர்க்கடலை வெண்ணெய் இனிப்புக் கட்டிகளுடன் வந்தாள். ஆர்லோ இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "தேங்க்ஸ், மேடம்," என்றான். ஜோலீன் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

மூன்றாம் கால்பகுதி. டன்மியர் நான்கு புள்ளி பின்னால். கோல்பிக்கு எதிரே தொண்ணூற்று நான்காம் எண் நின்றான். வாசலை அடைக்கிற உடம்பு, மூக்கிலிருந்து புகை. கோல்பி தீர்மானித்துவிட்டான். ஒரே ஒரு எட்டு விலகினால் போதும். இவன் உள்ளே போய், பந்தை வீசுகிற ட்ரிப்பைத் தரையோடு தேய்ப்பான், பந்து நழுவும், ஆட்டம் போகும். ட்ரிப்புக்கு விலா வலிக்கும். பாவம், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

"வலது ஒண்ணு," என்று முணுமுணுத்தான்.

"வலது ஒண்ணு!" என்றான் ஆர்லோ. பந்து பின்னால் போனது.

கோல்பி ஒரு எட்டு விலகினான்.

அவன் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. தன் எதிரே ஆள் இல்லாத சென்டர் சும்மா நிற்க மாட்டான். இரண்டு பக்கமும் பார்ப்பான். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே பாய்வான். பதினான்கு வயதிலிருந்து உடம்பில் ஊறியது அது. அன்று காலை ஆர்லோவுக்குத் தன் அம்மா யார் என்று தெரியவில்லை. ஆனால் இடது பக்கம் ஓட்டை விழுந்தது தெரிந்தது. கோல்பியை ஒருவன் தாண்டிவிட்டான் என்பது தெரிந்தது. திரும்பினான். தலையைக் கொடுத்தான்.

இந்த முறை சத்தம் பெரிதாக இல்லை.

ட்ரிப்புக்கு அது போதுமான அவகாசம். நிதானமாக வீசினான். நாற்பது கெஜம் தள்ளி ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டினான். நாலாயிரம் பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். கத்துகிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததால், இந்தப் பக்கம் கிடந்தவனை முதலில் ஓடிவந்து பார்த்தது டெனிஸ்தான். அடுத்து, பனியில் சறுக்கிக்கொண்டே, ஜோலீன்.

ஆர்லோவின் கண் ஒன்று திறந்திருந்தது. கோல்பி அவன் பெயரைச் சொன்னான். மூன்று தடவை.

தூக்குப்படுக்கை போனதும் க்ராட் கோல்பியின் தோளைப் பிடித்தார். "டிரெஸ்லர், நீ சென்டர்ல நில்லு. அவனுக்காக ஆடு."

அவன் நின்றான். அந்த ஒன்றரைக் கால்பகுதியில் அவன் வாழ்நாளிலேயே நன்றாக ஆடினான். யாரும் முணுமுணுக்காமல் தானே எல்லாவற்றையும் சொன்னான். ஒரு கொடிகூட விழவில்லை. ஏன் அப்படி ஆடினாய் என்று யாரும் கேட்கவில்லை. உடம்பு ஆடியது, அவ்வளவுதான். டன்மியர் இருபத்தேழுக்கு இருபத்துநான்கு என்று வென்று, அரையிறுதிக்குப் போனது.

மருத்துவமனைக்கு அவன் முட்டிப் பட்டையைக்கூடக் கழற்றாமல் போனான். டி மாய்ன் நகரம், ஐந்தாம் மாடி. ஆர்லோவின் மண்டையைத் திறந்து இரத்தத்தை வடித்துக்கொண்டிருந்தார்கள். நடைக்கூடத்தில் ஜோலீன், க்ராட், டெனிஸ். ஒரு பெண் மருத்துவர் பலகையும் பேனாவுமாக நின்றார்.

"இதுக்கு முன்னாடி தலைல அடி பட்டிருக்கா? எனக்கு இது முக்கியம்."

"செப்டம்பர்ல லேசா ஒண்ணு," என்றார் க்ராட். "டெஸ்ட் வெச்சோம். சுத்தமா பாஸ். இன்னும் சொன்னா முன்னைவிட நல்ல மார்க்கு."

டெனிஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது ஆட்டத்துல பட்டது," என்றான் கோல்பி. "லேசா இல்ல. அஞ்சாவதுல மறுபடி. ஒம்போதாவதுல ரெண்டு தடவ, அன்னிக்கு வாந்தி எடுத்தான், பஸ்ஸு பின்னாடி. ஆறாவதுலேர்ந்து அவனுக்கு ஆட்டம் தெரியாது. நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்த டெஸ்ட்டு பொய். ஆகஸ்ட்ல எல்லாரும் பொய்யாத்தான் எழுதினோம்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க யாரு?"

"இடது கார்டு."

"அப்படின்னா?"

"அவனுக்குப் பக்கத்துல நிக்கறவன்."

"டிரெஸ்லர் அதிர்ச்சில இருக்கான்," என்று க்ராட் மெதுவாகச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தொலைபேசி அழைப்புக்காக மாடிப்படிப் பக்கம் போனார். பேசியது கல்லூரியின் வக்கீலிடம் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிறு காலை மருத்துவர் வந்து, உயிருக்கு இனி ஆபத்து இல்லை என்றார். மற்றது எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்ல மாதங்களாகும் என்றார். மற்றது என்றால் என்னவென்று ஜோலீன் கேட்டாள். பேச்சு, நடை, யார் யார் என்பது. அவர் போனபின் கூடத்தில் ஜோலீனும் கோல்பியும்தான் மிச்சம்.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஜோலீன், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அக்டோபர்ல ஒரே ஞாயித்துக்கிழமை மூணு தடவ ஃபோன் பண்ணினான். மூணு தடவையும் அதே கதை. நானும் மூணு தடவையும் சிரிச்சேன். சீசன் முடியட்டும்னு அவங்கப்பாகிட்டச் சொன்னேன். எவ்ளோ சந்தோஷமா இருந்தான் தெரியுமா?"

"மிஸஸ் பென்னிங்."

"என்ன?"

"அந்த தொண்ணூத்தி நாலு என்னைத் தாண்டிப் போகல. நான்தான் விட்டேன்."

அவள் இப்போது அவனைப் பார்த்தாள். "ஏன்?"

"தோக்கணும்னு. தோத்துட்டா சீசன் முடிஞ்சிரும், அவன் ஆட வேண்டாம்னு..."

ஜோலீன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே எங்கோ காப்பி இயந்திரம் உறுமிவிட்டு நின்றது. நேற்றிலிருந்து அவள் ஸ்கோரைக் கேட்கவே இல்லை என்பது கோல்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

"தோத்தீங்களா?" என்றாள்.

"இல்ல. ஜெயிச்சோம்."

அவள் தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கோட்டு கிடந்தது. அவனுக்கு இடம்விட அவள் அதை எடுக்கவில்லை. கோல்பி நின்றுகொண்டே இருந்தான்.